கோலின் நுனியும் பந்தின் நெறியும்

எய்த அம்பு குறி தவறுமாயின், எய்தவன் முதலில் தன் கண்ணை ஐயுறுவான். அடுத்துத் தன் கையை ஐயுறுவான். இறுதியில் வில்லை ஐயுறுவான். கண்ணும் கையும் பிழை செய்யாதிருக்கவும் அம்பு விலகிச் செல்லுமாயின், அவன் செய்வதறியாது திகைப்பான். பூல் விளையாட்டின் மேசை முன் நிற்கும் ஆட்டக்காரனுக்கு இத்தகைய திகைப்பு நாள்தோறும் நேர்வதுண்டு. அவன் கோலை நேராகவே நீட்டுகிறான். பந்தைத் தான் கருதிய இடத்திலேயே தீண்டுகிறான். எனினும் பந்து கோல் காட்டிய வழியே செல்லாமல் சற்றே விலகி ஓடுகிறது. இவ்விலகல் ஏன் நிகழ்கிறது? கோலின் விறைப்பு இதற்குக் காரணமா? நெடுங்காலம் ஆட்டக்காரர்களை மயக்கிய இவ்வினாவிற்கு, அண்மைக் காலத்து ஆராய்ச்சிகளே தெளிவான விடை தந்துள்ளன.

பூல் என்பது பில்லியர்ட்சு இனத்தைச் சேர்ந்த விளையாட்டு. கம்பளித் துணி போர்த்திய மேசையின் மீது இது ஆடப்படுகிறது. பெரிய மேசையின் ஆடுகளம் 254 சென்டிமீட்டர் நீளமும் 127 சென்டிமீட்டர் அகலமும் உடையது. விளிம்புகளில் ரப்பர் பதித்த அணைகளும், நான்கு மூலைகளிலும் இரு நீண்ட பக்கங்களின் நடுவிலுமாக ஆறு பைகளும் இருக்கும். ஆட்டக்காரன் கோலால் வெண்பந்து ஒன்றை மட்டுமே தீண்டலாம். அவ்வெண்பந்து சென்று மோதி, வண்ணப்பந்தைப் பையில் வீழ்த்துதல் வேண்டும். பந்தின் விட்டம் ஏறத்தாழ 57 மில்லிமீட்டர். நிறை ஏறத்தாழ 170 கிராம். கோலோ ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும், ஏறத்தாழ 540 கிராம் நிறையும் உடையது. அதன் பிடிப்பகுதி பருத்தும், முன்தண்டு சிறுத்தும் இருக்கும். முன்தண்டின் நுனியில், உலக்கைக்குப் பூண் இடுவதுபோல ஒரு பூண் இடப்பட்டிருக்கும். அப்பூணின் மேல் ஒட்டிய சிறு தோல்வில்லையே பந்தைத் தீண்டுவது.

இத்தோல்வில்லையின் வரலாறு சுவை மிக்கது. தொடக்கத்தில் கோலின் முனை வெறும் மரமாகவே இருந்தது. வழவழப்பான மரம் பந்தின் நடுவை விட்டு விலகித் தீண்டினால் வழுக்கிவிடும். ஆதலால் ஆட்டக்காரர்கள் பந்தை நடுவிலேயே அடித்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் சிறையில் இருந்த காலத்தில் பில்லியர்ட்சு ஆடிப் பழகிக் கோல் முனையில் தோலைப் பொருத்தினார் என்பர். தோல் பந்தைப் பற்றியது. அதன் மீது தேய்க்கப்பட்ட சாக்கட்டித் தூள் அப்பற்றுதலை மேலும் உறுதியாக்கியது. அன்று முதல் பந்தை வலப்புறமோ இடப்புறமோ அடித்துப் பம்பரம்போலச் சுழலச் செய்தல் எளிதாயிற்று. 1835-ஆம் ஆண்டில் கோரியோலிஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் பில்லியர்ட்சுப் பந்துகளின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். சுழலும் நிலவுலகின் மீது வீசும் காற்று விலகிச் செல்வதை விளக்கும் விசைக்குப் பெயர் தந்தவரும் அவரே.

இவ்வினத்து விளையாட்டுகளுள் ஒன்றான ஸ்னூக்கர் இந்திய மண்ணில் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படை அலுவலர் அதனைத் தொடங்கினார் என்றும், 1882-இல் நீலகிரி உதகமண்டலத்து மன்றத்தில் அதன் விதிகள் வகுக்கப்பெற்றன என்றும் கூறுவர். பின்னாளில் பிரிட்டனின் தலைமை அமைச்சராக விளங்கிய சேம்பர்லின் வேறொருவர். 1958-இல் வில்சன் ஜோன்ஸ் என்னும் இந்தியர் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்சுப் போட்டியில் வென்று நாட்டிற்குப் பெருமை தேடித் தந்தார்.

பந்தைச் சுழலச் செய்வதால் ஆட்டக்காரன் பெறும் பயன் யாது? சுழலாத பந்து அணையில் மோதினால், எந்தக் கோணத்தில் சென்றதோ ஏறத்தாழ அந்தக் கோணத்திலேயே திரும்பும். சுழலும் பந்தோ அணையைத் தொட்டவுடன் அதனைப் பற்றிக்கொண்டு வேறு திசையில் பாயும். ஒரு வண்ணப்பந்தை வீழ்த்திய பின்னர் அடுத்த பந்திற்கு ஏற்ற இடத்தில் வெண்பந்தை நிறுத்துவதே இவ்விளையாட்டின் நுட்பம். அந்நுட்பத்திற்குப் பக்கச் சுழற்சி இன்றியமையாதது. ஆனால் இந்நன்மை விலையின்றிக் கிடைப்பதன்று. பந்தின் வலப்பக்கத்தில் அடித்தால் பந்து கோலின் திசையிலிருந்து இடப்புறம் விலகுகிறது. இடப்பக்கத்தில் அடித்தால் வலப்புறம் விலகுகிறது.

விலகும் கோணம் மிகச் சிறியது. பந்தின் நடுவிலிருந்து 14 மில்லிமீட்டர் தள்ளி, அதாவது ஆரத்தின் பாதியளவு தள்ளி அடித்தால், பெரும்பாலான மரக்கோல்களில் அது ஏறத்தாழ இரண்டு பாகையே இருக்கும். அதற்கு மேலும் தள்ளி அடித்தால் முனை வழுக்கிவிடும். இரண்டு பாகைதானே என்று இதனைப் புறக்கணித்தல் இயலாது. ஒரு மீட்டர் தொலைவு செல்வதற்குள் பந்து மூன்றரைச் சென்டிமீட்டர் விலகும். மேசையின் முழு நீளமும் செல்லுமாயின் விலகல் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டராகும். இது பந்தின் விட்டத்தினும் பெரிது. எனவே, நேர்க்குறி வைத்த ஆட்டக்காரன் வண்ணப்பந்தைத் தீண்டாமலே போகவும் கூடும். போட்டியில் வெற்றி தோல்விகளை இச்சிறு கோணமே பன்முறை முடிவு செய்துவிடுகிறது.

இனி, விலகலின் காரணத்தை ஆராயலாம். கோல் முனை பந்தின் வலப்பக்கத்தைத் தீண்டியவுடன் பந்து முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் தொடங்குகிறது. முனை பதிந்துள்ள இடம் அச்சுழற்சியால் வலப்புறம் நகர்கிறது. சாக்கட்டி பூசிய தோல் பந்தை விடாது பற்றியிருப்பதால், பந்தின் மேற்பரப்பு கோல் முனையையும் வலப்புறம் இழுத்துச் செல்கிறது. பந்து முனையை வலப்புறம் தள்ளும்போது, முனையும் பந்தை அதே அளவு விசையோடு இடப்புறம் தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் அதற்கு ஒத்த எதிர்விசை உண்டு என்பது நியூட்டன் கண்ட விதியன்றோ! இந்த எதிர்விசையே பந்தை வழி விலக்குகிறது.

தோணியில் நின்றுகொண்டு, அருகில் மிதக்கும் மரக்கட்டை ஒன்றைக் காலால் தள்ளுபவனை எண்ணிப் பார்க்கலாம். கட்டை இலேசானதாயின் அது விரைந்து அகலும். தோணி அசைவதாகவே தோன்றாது. கட்டைக்குப் பதிலாகப் பாரம் ஏற்றிய மற்றொரு தோணி இருக்குமாயின், அதனை அதே வேகத்தில் தள்ளப் பெருமுயற்சி வேண்டும். அம்முயற்சியால் அவன் நிற்கும் தோணியும் பின்னோக்கி நகரும். இங்குத் தள்ளுபவன் நிற்கும் தோணி பந்தினைப் போன்றது. தள்ளப்படுவது கோலின் நுனியைப் போன்றது. நுனி இலேசானதாயின் பந்து சிறிதே விலகும். நுனி கனத்ததாயின் மிகுதியாக விலகும். பக்கவாட்டில் தள்ளப்படும் இந்நுனிப் பகுதியின் நிறையை ‘முனை நிறை’ எனக் குறிப்பிடலாம்.

கோலின் நிறை 540 கிராம் ஆயிற்றே, அது முழுவதும் தள்ளப்பட்டால் விலகல் மிகப் பெரிதாக வேண்டுமே என்னும் ஐயம் ஈண்டு எழலாம். இதற்கு விடை, கோலும் பந்தும் தொட்டிருக்கும் காலத்தின் குறுமையில் இருக்கிறது. முனை பந்தைத் தீண்டி நீங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகிறது. கிணற்றடியில் கிடக்கும் நீண்ட தாம்புக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால், மறுமுனை உடனே அசைவதில்லை. உதறலால் எழும் வளைவு, அலைபோலக் கயிற்றின் வழியே ஊர்ந்து சென்ற பின்னரே மறுமுனை அதனை உணரும். கோலின் நிலையும் அதுவே. நுனியில் நேர்ந்த பக்கத் தள்ளல் ஓர் அலையாகத் தண்டின் வழியே பின்னோக்கிச் செல்கிறது. அந்த அலை ஏறத்தாழ ஒரு சாண் தொலைவு செல்வதற்குள் பந்து முனையை விட்டு நீங்கிவிடுகிறது. ஆகவே, அந்த ஒரு சாண் நீளத்திற்கு அப்பாலுள்ள தண்டும், பிடிப்பகுதியும், அவற்றைப் பற்றிய கைகளும் பந்தின் விலகலில் பங்கு கொள்வதில்லை. அவற்றிற்குச் செய்தி எட்டும்போது செயல் முடிந்துவிடுகிறது. கோலைத் தாங்கும் கையை எவ்வளவு இறுக்கினாலும் விலகல் மாறாமைக்கு இதுவே காரணம்.

அந்தச் சாண் நீளத்தின் நிறை முழுவதும் ஒரே அளவில் அசைவதில்லை. நுனியின் அருகில் உள்ளது மிகுதியாகவும், பின்னுள்ளது குறைவாகவும் அசைகின்றன. ஆதலால் பயன்படும் முனை நிறை சில கிராமே ஆகும். அது ஆறு கிராமாக இருப்பின், மேற்கூறியவாறு பாதி ஆரம் தள்ளி அடிக்கும்போது விலகல் இரண்டு பாகை ஆகும் எனக் கணக்கிடலாம். அது மூன்று கிராமாகக் குறைந்தால் விலகலும் ஒரு பாகையாகக் குறையும். முனை நிறைக்கும் விலகலுக்கும் உள்ள உறவு இத்துணை நெருங்கியது.

அங்ஙனமாயின் விறைப்பு எங்கே போயிற்று? விறைத்த கோல் வளையாமல் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் என்றும், வளையும் கோல் தானே வழிவிட்டு ஒதுங்கும் என்றும் ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாக எண்ணி வந்தனர். இவ்வெண்ணத்திற்குச் சான்றும் இருப்பதாகத் தோன்றியது. நுனி மெலிந்த கோல்கள் எளிதில் வளைகின்றன. அவற்றால் அடிக்கும்போது பந்தின் விலகலும் குறைகிறது. இவ்விரண்டும் கண்கூடான உண்மைகள். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது. தண்டின் பருமனைப் பாதியாக்கினால் அதன் விறைப்புப் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. அதே வேளையில் நிறையும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. விலகல் குறைந்தது வளைவினாலா, இலேசானதனாலா? மெலிந்த கோலை மட்டும் பார்த்து இதனை முடிவு செய்ய இயலாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று வேண்டும்.

அச்சோதனைக்கு மூங்கில் வழிகாட்டுகிறது. மூங்கிலின் உள்ளே ஒன்றும் இல்லை. எனினும் அது ஏணியாகவும் சாரமாகவும் நின்று பாரம் தாங்குகிறது. வளைவை எதிர்ப்பதில் தண்டின் வெளிப்பகுதிக்கே பெரும்பங்கு உண்டு. நடுப்பகுதிக்கு உள்ள பங்கு மிகச் சிறிது. தண்டு ஒன்றின் நடுவில், அதன் விட்டத்தில் பாதியளவுக்குத் துளையிட்டால் நிறையில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். விறைப்பிலோ பதினாறில் ஒரு பங்கே போகும். எனவே, நுனியைத் துளையிட்ட கோல் ஏறத்தாழ முன்போலவே விறைப்பாக இருக்கும். ஆனால் இலேசாக இருக்கும். விறைப்பே விலகலுக்குத் தலைமைக் காரணமாயின், இக்கோலில் விலகல் பெரிதும் மாறாதிருத்தல் வேண்டும். நிறையே காரணமாயின் விலகல் நன்கு குறைதல் வேண்டும். துளையிட்ட கோல்களால் அடித்துப் பார்த்தபோது விலகல் குறைந்தது.

இதனினும் எளிய சோதனை ஒன்றும் உண்டு. கோலின் நுனியருகே ஒரு சிறு எடையைப் பிணைத்து அடித்தால், கோலின் விறைப்பு மாறுவதில்லை. எனினும் விலகல் உடனே மிகுகிறது. அதே எடையை நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பின்னுக்கு நகர்த்தினால் மிகுந்த விலகல் படிப்படியாகக் குறைகிறது. ஏறத்தாழ ஒரு சாணுக்கு அப்பால் எடையை வைத்தால், அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பேராசிரியராக விளங்கிய டேவிட் ஆல்சியாட்டோர், நொடிக்குப் பல ஆயிரம் படங்கள் எடுக்கும் ஒளிப்படக் கருவிகளின் துணையால் இத்தகைய சோதனைகளைச் செய்து காட்டினார். அவருக்கு முன்னரே, 2001-இல் ரான் ஷெப்பர்டு என்னும் அறிவியலார் விலகலுக்கும் முனை நிறைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு விரிவாக எழுதியிருந்தார்.

இதனால் விறைப்பிற்குப் பங்கே இல்லை என்று கொள்ளுதலும் பிழையாகும். விறைத்த தண்டில் வளைவலை விரைந்து செல்லும். அலை விரைந்து சென்றால், பந்து நீங்குவதற்குள் தண்டின் கூடுதல் நீளம் அசைவில் பங்கு கொள்ளும்; அதனால் முனை நிறையும் சிறிது மிகும். ஆயினும் இவ்விளைவு மிக மெல்லியது. நிறை மாறாமல் விறைப்பு மட்டும் இரு மடங்கானால், அலை செல்லும் தொலைவு ஐந்தில் ஒரு பங்கே கூடும். அத்தொலைவு இரு மடங்காக வேண்டுமாயின் விறைப்புப் பதினாறு மடங்காக வேண்டும். மாறாக, விறைப்பு மாறாமல் தண்டின் நிறை இரு மடங்கானால், முனை நிறை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். ஆகவே, விறைப்பு நேராகப் பந்தைத் தள்ளுவதன்று. எவ்வளவு நிறை தள்ளலில் சேரும் என்பதைச் சிறிதளவு மாற்றுவதே அதன் தொழில். தலைவன் நிறையே, விறைப்பு அவன் ஏவலாள்.

காரணம் தெளிந்தபின் கருவியும் திருந்தியது. 1990-களில் அமெரிக்கக் கோல் தொழிலாளர் சிலர், மனிதக் கையின் தடுமாற்றம் இடையிடாதிருக்கப் பந்தடிக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டு பலவகைக் கோல்களைச் சோதித்தனர். அதற்கு ‘அயர்ன் வில்லி’ என்று பெயரிட்டனர். அதன் பயனாக, நுனியில் துளையிட்டுக் குறுகிய இலேசான பூண் பொருத்திய முன்தண்டுகள் விற்பனைக்கு வந்தன. முற்காலத்தில் தந்தத்தாலும் கனத்த பொருள்களாலும் நீண்ட பூண்கள் செய்யப்பெற்றன. அவை அழகும் உறுதியும் உடையனவாயினும், நிறை எங்கே இருத்தல் கூடாதோ அங்கேயே அதனைச் சேர்த்தன. அண்மைக் காலத்தில் கரி இழையால் ஆன உள்ளீடற்ற தண்டுகளும் செய்யப்படுகின்றன. அவை தொட்டுப் பார்த்தால் மரத்தினும் விறைப்பானவை. ஆயினும் நுனி இலேசாக இருப்பதால் விலகல் குறைவாகவே உள்ளது. விறைப்பே விலகலுக்குக் காரணம் என்னும் பழைய எண்ணத்தை மறுக்க இவற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கருவி திருந்தியது கொண்டு ஆட்டக்காரனின் கடமை நீங்கிவிடவில்லை. விலகல் குறைந்த கோலிலும் விலகல் உண்டு. அன்றியும், இலேசான நுனி பந்திற்குக் கூடுதல் சுழற்சியைத் தந்துவிடும் என்று சிலர் கருதுவது சரியன்று. எவ்வளவு தள்ளி அடிக்கப்படுகிறது என்பதே சுழற்சியை முடிவு செய்கிறது. மேலும், அணையின் உயரத்தால் கோலின் பின்புறம் சற்றே உயர்ந்திருப்பதால், சுழலும் பந்து துணியின் மீது செல்லச் செல்ல வளைந்து, விலகிய திசைக்கு எதிர்ப்புறம் மீளுவதும் உண்டு. மெல்ல அடித்த பந்தில் இவ்வளைவு விரைவில் தோன்றும். வலிந்து அடித்த பந்தில் காலந்தாழ்ந்து தோன்றும். ஆகவே கோலின் இயல்பு, அடியின் வேகம், செல்லும் தொலைவு ஆகிய மூன்றையும் எண்ணியே குறி வைத்தல் வேண்டும்.

ஒவ்வொரு கோலுக்கும் ஒரு தனி இயல்பு உண்டு என்பதை ஓர் எளிய வழியால் அறியலாம். முதலில் பந்தின் நடுவை நோக்கி நேர்க்குறி வைத்து, முன்கையை அசைக்காமல் பின்கையை மட்டும் இடப்புறம் நகர்த்தினால், கோல் முனை பந்தின் வலப்பக்கத்திற்குச் செல்லும். கோலின் திசையும் சற்று வலப்புறம் திரும்பும். அத்திருப்பமும் பந்தின் இடப்புற விலகலும் சமமாயின் பந்து முதலில் வைத்த குறியையே சென்றடையும். முனை நிறை ஆறு கிராம் உள்ள கோலுக்கு முன்கை நுனியிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டரில் இருக்கும்போது இச்சமநிலை வாய்க்கும். நுனி இலேசாக இலேசாக இத்தொலைவு நீளும். முன்கையைப் பல இடங்களில் வைத்து வலிந்து அடித்துப் பார்ப்பவன் தன் கோலின் இயல்பைத் தானே அளந்தறிவான். பழகிய கோலை இழந்து புதிய கோலை ஏந்தியவன், கை மறந்துவிட்டதோ என்று வருந்துவதுண்டு. மாறியது கையன்று, கோலின் முனை நிறையே என அறிந்தவன் வருந்தான். சில அடிகளில் புதியதையும் அளந்து தனதாக்கிக்கொள்வான்.

கூர்ந்து நோக்கினால், கோலின் கதை விளையாட்டோடு நின்றுவிடுவதன்று என்பது விளங்கும். வளைவதும் விலகாமையும் சேர்ந்து காணப்பட்டன. ஒன்றே மற்றொன்றின் காரணம் எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. அந்நம்பிக்கையை உடைத்தது வாதமன்று. நுனியில் பிணைத்த ஒரு சிறு எடையும், தண்டின் நடுவில் இட்ட ஒரு சிறு துளையுமே. சேர்ந்திருப்பவற்றைப் பிரித்துப் பார்த்து, ஒன்றை மாற்றாமல் வைத்து மற்றொன்றை மாற்றிச் சோதித்து அறிதலே அறிவியலின் நெறி. அந்நெறியில் நிற்பவன் குறி தவறியபோது கண்ணையும் கையையும் வீணே பழியான், காரணத்தைத் தேடுவான், கண்டபின் குறியை எய்துவான்.